முதல் வெடி

“கரடி என்ரை வெடிக்கு விழுந்தாக் கலியாணம் கோயிலிலை. உங்கட வெடிக்கு விழுந்தாச் சேர்ச்சிலை. பேந்து மாத்திக் கதைக்கக் கூடாது, மதாம்!”

நகுலேஸ்வரனின் பிரெஞ்சிலும் யாழ்ப்பாணம் மணக்கும். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பலசரக்குக் கடை வைத்துப் பேரம் பேசிப் பழகிய பிரெஞ்சு அது. இலக்கணம் இருக்காது. ஆனால் யாரும் அவரை ஏமாற்ற முடியாது.

“மாற்றமாட்டேன். முப்பது வருடமாக நான் குறியையும் மாற்றியதில்லை, பேச்சையும் மாற்றியதில்லை” என்றார் கத்தரின்.

கத்தரின், மாப்பிள்ளை பற்றிக்கின் தாய். மொன்றியலுக்கு வடக்கே காட்டுக்குள் அவருக்கு ஒரு மரவீடு உண்டு. பனி கரைந்ததும் அங்கே கருங்கரடி வேட்டை. அதுவும் பழைய முறையில்: குழாய் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்குகிற துவக்கு. வன்னியில் இதற்கு இடியன் என்று பெயர். ஒரே ஒரு வெடிதான். மறுபடி நிரப்பி நிமிர்வதற்குள் கரடி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

பற்றிக்கும் நகுலேஸ்வரனின் மகள் சாருஜாவும் இரண்டு வருடமாகக் கலியாணத்துக்குக் காத்திருக்கிறார்கள். கோயிலா சேர்ச்சா என்பதில் இரண்டு வீடும் இம்மியும் அசையவில்லை. “பேசித் தீராததைக் காட்டில் தீர்ப்போம்” என்று கத்தரின் சொன்ன மறுநாளே நகுலேஸ்வரன் வேட்டைக்காரர் வகுப்பில் சேர்ந்துவிட்டார். பிறவி மரக்கறிக்காரர். முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துத் தள்ளி வைக்கிறவர்.

“அப்பா, ஈ இலையானை அடிக்கவே யோசிக்கிற ஆள் நீங்கள். கரடியைச் சுடுவியளோ?” என்று வேட்டையன்று மரவீட்டு வாசலில் கேட்டாள் சாருஜா.

“பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். அவருக்கு விளங்கும். நீ துவக்கை நிரப்பு.”

அந்த வேலை அவளிடம் விழுந்ததற்குக் காரணம் உண்டு. நகுலேஸ்வரன் கையில் மருந்தைக் கொடுக்கக் கத்தரினுக்குப் பயம். கத்தரின் நிரப்பிய துவக்கைக் கையில் வாங்க நகுலேஸ்வரனுக்குச் சந்தேகம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் சாருஜா. போன வருடமே பற்றிக்கோடு சேர்ந்து துவக்கு நிரப்பப் பழகியவள். மரத்தடியில் குந்தியிருந்து இரண்டு துவக்கையும் இடித்து நிரப்பி நீட்டினாள்.

நால்வரும் பரணில் ஏறி உட்கார்ந்தார்கள். கீழே கரடியை இழுக்கக் கத்தரின் வைத்த பழைய டோனட் பீப்பாய். பக்கத்திலேயே நகுலேஸ்வரன் கடையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய லட்டுக் குவியல்.

“முதல் வெடி எனக்கு” என்றார் நகுலேஸ்வரன்.

“ஏன்?”

“நான் விருந்தாளி.”

“விருந்தாளிக்கு நாற்காலி கொடுப்போம். வெடி கொடுப்பதில்லை.”

“அப்ப நாற்காலியை நீங்கள் வைச்சிருங்கோ. வெடியைத் தாங்கோ.”

கத்தரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையாட்டினார்.

“மாமா, மெல்லமாக் கதையுங்கோ. கரடிக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றான் பற்றிக், சாருஜாவிடம் கற்ற தமிழில்.

“கேக்கட்டும். ஆரோடை பேரம் எண்டு அதுக்கும் தெரியவேணும்.”

பொழுது சாயும் நேரம் கரடி வந்தது. டோனட்டை மோந்தது. விட்டுவிட்டு லட்டில் வாய் வைத்தது. நகுலேஸ்வரனுக்கு அதுவே பாதி வெற்றி. துவக்கைத் தோளில் ஊன்றி, மூச்சை அடக்கி, பிள்ளையாரை நினைத்து விசையை இழுத்தார்.

வெடி காட்டை உலுக்கியது. பரண் முழுக்க வெள்ளைப் புகை. புகை கலைந்தபோது, கரடி பத்தடி ஓடி, லட்டை விட மனமில்லாமல் திரும்பி நின்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

“ஐயோ, தவறவிட்டிட்டன்!” நகுலேஸ்வரன் தலையில் கை வைத்தார்.

கத்தரின் அவருடைய தோளை ஒருமுறை பார்த்தார். சாருஜாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் துவக்கைத் தூக்கி, அதிகம் குறி பார்க்காமலே வெடி வைத்தார். கரடி காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது.

“எனக்கும் தவறிவிட்டது” என்றார், கடையில் பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல.

நகுலேஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

“மதாம், நீங்கள் தவறவிட்டது உங்கட ஊருக்குத் தெரியவேணுமோ?”

“நீங்கள் தவறவிட்டது உங்கள் கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியவேண்டுமா?”

“காலமை கோயில். பின்னேரம் சேர்ச்.”

“சாப்பாடு?”

“என்ரை பொறுப்பு. மரக்கறி.”

“வைன்?”

நகுலேஸ்வரன் யோசித்தார். “அது உங்கட பொறுப்பு. நான் அந்தப் பக்கம் பாக்கமாட்டன்.”

கைகுலுக்கினார்கள். இரண்டு வருடம் படியாத பேரம் இரண்டு நிமிடத்தில் படிந்துவிட்டது.

இறங்கியதும் நகுலேஸ்வரன் பற்றிக்கின் தோளில் கை போட்டு, காற்று எந்தப் பக்கம் அடித்ததால் தன் குறி பிசகியது என்று விளக்கியபடியே முன்னால் நடந்தார். பின்னால் வந்த சாருஜாவைக் கத்தரின் மறித்து நிறுத்தினார்.

“உன் அப்பாவின் துவக்கு அவர் தோளில் உதைக்கவே இல்லை. என்னுடையதும் உதைக்காது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.”

சாருஜா தலையைக் குனிந்தபடி, கோட்டுப் பையிலிருந்து இரண்டு ஈயக் குண்டுகளையும் எடுத்து நீட்டினாள்.

கத்தரின் அவற்றை வாங்கவில்லை. அவள் விரல்களை மடக்கி மூடினார். “பத்திரமாக வைத்திரு. முதல் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறபோது நானும் உன் அப்பாவும் திரும்ப இங்கேதான் வருவோம்.”