மூன்று வருஷமாக ஆஸ்பத்திரியில்

பெருநகர் கிராமத்தில் கூலிக்கு நாற்று நடும் காளியம்மாளின் மகள் சரசு, மூன்று வருஷமாகப் பட்டணத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாள். 'பாவம்' என்று நிலக்காரி ராணியம்மாள் நினைத்துக்கொள்வாளே தவிர, ஒருநாளும் விசாரித்ததில்லை.

இப்போது ராணியம்மாளின் ஆறு வயது மகளுக்கே ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். முதல் தடவையாகக் காளியம்மாளின் குடிசையைத் தேடி ஓடினாள்.

"சரசு கீற ஆஸ்பத்திரியில இன்னா மருந்து குடுக்கறாங்க காளி? புள்ளைங்க பொழைக்குதா?"

"நெறைய பொழைக்குதும்மா. நித்தியகல்யாணிச் செடியில எடுக்கற மருந்தாம். நம்ம உடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் சன்னமா குழாய்ங்க கீதாம். அது இல்லாம உயிரணு ரெண்டாப் பிரியாதாம். இந்த மருந்து அந்தக் குழாயக் கட்டவுடாதாம். அதனால நோவு பெருகாம நின்னுடுமாம். சரசுதான் சொல்லிச்சு."

"நோவோட படுத்துக்கினு இவ்ளோ வெவரம் தெரிஞ்சி வச்சிக்கீதே! எந்தக் கட்டில்ல கீது? நாளிக்கே போய்ப் பாக்கறேன்."

காளியம்மாள் திகைத்துப்போய், பிறகு சிரித்துவிட்டாள்.

"கட்டிலா? சரசுக்கு இன்னாம்மா நோவு? புள்ளைங்களுக்கு அந்த ஊசியப் போடற டாக்டரே அதுதாம்மா!"

ராணியம்மாள் சேறு காய்ந்திருந்த காளியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.