அறுபது கிராம்

எடை மெஷினில் 940 என்று விழுந்ததைப் பெண் ஏட்டு இரண்டு தடவை பார்த்தாள். ஒரு கிலோவுக்குள் என்றால் ஜாமீன் சுலபம். தாண்டிவிட்டால் பத்து வருஷம் வரை உள்ளே.

மெஷினையும் கஞ்சாப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனாள்.

"பஸ் ஸ்டாண்டுல பிடிச்ச கேஸ் சார். காலேஜ் பொண்ணு. ஃப்ரெண்டு குடுத்தனுப்பின பைன்னு சொல்லுது. ஒரு கிலோவுக்கு அறுபது கிராம் குறையுது. உள்ளதை உள்ளபடி எழுதிடவா?"

இன்ஸ்பெக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூணு மாசமா பெரிய கேஸ் ஒண்ணுகூட இல்லன்னு மேலிடத்துல என்னை வறுத்தெடுக்குறாங்க. நீ வேற! தண்ணியைத் தெளிச்சு மறுபடி எடை போடு."

அவள் நகரவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்ஸ்பெக்டரின் இதே கை தெளித்த தண்ணீரில்தான் அவள் தம்பி பத்து வருஷம் கம்பி எண்ணினான். போகும்போது மீசை அரும்பியிருந்தது. வரும்போது தலை நரைத்திருந்தது. அம்மாவின் சாவுக்குக்கூட அவனை விடவில்லை. தண்ணீர் சமாசாரத்தை, அப்போது ஸ்டேஷனில் கேஸ் எழுதிய ரைட்டர் ஓய்வு பெற்ற நாளில்தான் அவளிடம் சொன்னார். இன்ஸ்பெக்டருக்குத் தம்பியின் முகம்கூட ஞாபகம் இருக்காது.

"வயசுப் பொண்ணு சார், வாழ்க்கையே போயிடும். நீங்களே ஒரு எட்டு வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்களேன். வந்ததுலேருந்து இன்ஸ்பெக்டரைப் பாக்கணும், இன்ஸ்பெக்டரைப் பாக்கணும்னு ஒரே அழுகை."

"மாட்டினா எல்லாரும்தான் அழுவாங்க. வளக்கத் துப்பில்லாதவன் பெத்து விட்டதுக்கு நான் கண்ணைத் தொடைச்சு விடணுமா? இங்க குடு!"

பொட்டலத்தைப் பிடுங்கி, மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவரே கவிழ்த்தார். மெஷின் 1045 காட்டியது.

"ஆச்சு. இதுக்குப் போய் அரை மணி நேரம் அழுதே."

"கடைசியா கேக்குறேன் சார். வேணாமே?"

"வாயை மூடிட்டு எழுது."

எழுதினாள். பெயர்க் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு நீட்டினாள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். வெளியே வந்து, நிதானமாக அந்தக் கட்டத்தை நிரப்பினாள். பெண்ணையும் ரிப்போர்ட்டையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கோர்ட்டுக்குக் கிளம்பியது. அது வளைவில் மறையும்வரை வாசலிலேயே நின்றிருந்தாள்.

திரும்பி உள்ளே போனபோது, இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"பத்திரிகைக்காரங்களுக்கு நியூஸ் குடுக்கணும். விவரம் சொல்லு. அந்தப் பொண்ணோட அப்பன் எவன்?"

அவள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள்.

"நீங்கதான் சார்."