ரூவியில் ஒரு துரத்தல்

“காக்கா, போலீஸ் ஜீப் நம்ம கடை வாசல்லதான் நிக்குது!” என்று அண்ணனை எச்சரித்தான் தம்பி ஹஸ்னைன்.

வளைகுடாவில், ரூவி கடைத்தெருவில் வீடியோ கேசட் கடை நடத்திய மீராசாவுக்கு வியர்த்தது. கடையில் பாதிக்கு மேல் திருட்டு கேசட்டுகள்.

“நான் இல்லேன்னு சொல்லிடு!” என்று பின்வாசல் வழியே ஓடினார்.

போலீஸ்காரர் பார்த்துவிட்டார். “ஏய், நில்லு!”

மீராசா டாக்சிகளுக்கு நடுவே புகுந்தார். தக்காளிப் பெட்டிகளைத் தாண்டினார். பூட்ஸ் சத்தம் விடவில்லை. பஸ் நிலையச் சுவரில் ஏறும்போது, சட்டைக் காலரில் ஒரு கை விழுந்தது.

“மாஃப் கரோ, மன்னிச்சிடுங்க பாய்! ஊருக்கு மட்டும் அனுப்பிராதீங்க!”

“எதுக்கு ஓடுறே?” மூச்சிரைக்க இந்தியில் கேட்ட போலீஸ்காரர், இரண்டு கேசட்டுகளை நீட்டினார். “நேத்து என் வீட்டுக்குக் கொடுத்த படம். ரெண்டுமே முதல் பாகம்! ஜெயில்ல இருந்து தப்பிச்சவன் ரயில் கூரையில ஓடுறான், பின்னாடியே போலீஸ் ஓடுது. அதோட நின்னுபோச்சு! வீட்ல யாரும் தூங்கல. யால்லா, சீக்கிரம் ரெண்டாம் பாகத்தை எடு!”

மீராசாவுக்கு உயிர் திரும்பி வந்தது. “அவ்வளவுதானா பாய்? கடைசியில அந்த ஆளை...”

போலீஸ்காரர் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

“கலாஸ், போதும்! முடிவைச் சொன்னே, இப்பவே உள்ளே தள்ளிடுவேன்!”