மல்லிக்கு மட்டும் தெரிந்த இடம்

வீட்டுப் பூனை மல்லியின் கழுத்துத் தோலுக்குள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் அரிசியளவு புதுவகைச் சிப் ஒன்றை வைத்தார்கள். தொலைந்துபோனால் கண்டுபிடிக்கத்தான் என்றார்கள். கொஞ்ச நாளில், அவள் எந்த வீட்டில் மீன் தின்றாள் என்பதும் வீட்டுக்காரரின் போனில் தெரிந்தது.

"தெரிஞ்சா என்ன? நான் திருடியா?" என்றாள் மல்லி.

தெருப் பூனை கரிச்சி நான்கு குட்டிகள் போட்டிருந்தாள். பூனைகளின் வழக்கப்படி இடம் மாற்றி மாற்றி, கடைசியில் மரக்கடைப் பலகைகளுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அது மல்லிக்கு மட்டும் தெரியும். தினமும் போய்ப் பார்ப்பாள்.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் போனைப் பார்த்தபடியே நேராக அங்கு வந்து மல்லியைத் தூக்கினார். கூட வந்தவர், "ஒண்ணு நான் எடுத்துக்கறேன்" என்று ஒரு குட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மல்லி ஓடிவந்தபோது அங்கே கரிச்சியோடு ஒரே ஒரு குட்டிதான் மிச்சம் இருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா."

"தெரியும்டி."

"மத்ததையெல்லாம் எங்க வச்சிருக்கே?"

கரிச்சி அவள் கழுத்தை ஒருமுறை நக்கிக்கொடுத்தாள். "நான் போற வரைக்கும் நீ இங்கயே உட்காரு," என்றுவிட்டுக் குட்டியைக் கவ்விக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து தூக்கும்வரை மல்லி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.