கூப்பிட்ட குரலுக்கு

“மணி அடிச்சா நர்ஸ் உடனே வர்றாங்களா?” என்று கேட்டார், ஆஸ்பத்திரியின் தரத்தைச் சோதிக்க வந்திருந்த அதிகாரி.

“கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்துடுவாங்க, சார்” என்றான் கட்டிலில் படுத்திருந்தவன்.

“படுத்தே இருக்கீங்களே, முதுகுல புண் ஏதும் உண்டா?”

“ஐயோ, பூ மாதிரி திருப்பிப் படுக்க வைக்கறாங்க. என் பொண்டாட்டிகூட இப்படிப் பார்த்துக்க மாட்டா.”

அதிகாரி சிரித்துக்கொண்டே முழு மார்க் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கார் மறைந்ததும் சூப்பரின்டெண்ட் அவன் தோளில் தட்டினார். “அசத்திட்டேய்யா! எழுந்து யூனிபார்மை மாட்டு. கேட்ல ஆளில்ல.”

வாட்ச்மேன் கேட்டுக்குப் போகவில்லை. பின்பக்கம் இருந்த பழைய சாமான் அறைக்கு ஓடினான். அந்தக் கட்டிலின் நிஜ நோயாளியை, முதுகெல்லாம் புண்ணாகிக் கிடந்த அவன் மனைவியை, அதிகாரி கண்ணில் படாதபடி காலையிலேயே அங்கே தள்ளி வைத்திருந்தார்கள். “கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கோ” என்று சொல்லிக் கதவைச் சாத்தியவனே அவன்தான்.

அங்கே அடிப்பதற்கு மணி இல்லை. எவர்சில்வர் தம்ளரால் சுவரைத் தட்டியிருக்கிறாள். பெயர்ந்த காரை தலையணையெல்லாம் உதிர்ந்திருந்தது. நசுங்கிய தம்ளர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

ஜில்லிட்டுப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “கூப்பிட்டியா?” என்று கேட்டான்.