நடு நாற்காலி

அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, அவர் அறையை அண்ணன் ஹோம் தியேட்டராக மாற்றினான். சுவரில் பெயிண்ட் காய்வதற்குள் இல்லத்திலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் பார்க்கக் கூப்பிட்டான். அண்ணி முகத்துக்காகப் போனேன். அறை நடுவில், அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் பெரிய தோல் நாற்காலி ஒன்று இருந்தது. அதை விட்டு, பக்கத்து வரிசையில் இருந்த சின்ன இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்தேன்.

"நான் இதுல உக்காந்தா போதும். ஜன்னல் திரை மூடும், லைட்டு அணையும், படம் தானா ஓடும்," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் உட்கார்ந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. உட்கார்ந்தபடியே, இதையெல்லாம் பொருத்திக்கொடுத்தவருக்குப் போன் போட்டுக் கத்தினான்.

"சார், இங்க என் கம்ப்யூட்டர்ல உங்க நாற்காலி காலியா இருக்குன்னு காட்டுது," என்றார் அவர்.

"குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், காலியாம்!" அண்ணன் போனை வீசிவிட்டு எழுந்தான்.

உடனே ஜன்னல் திரைகள் மூடின. விளக்குகள் மெல்ல மங்கின. படம் தொடங்கியது. காலியான நாற்காலியின் தோல் அமுங்கி, கால் வைக்கும் பலகை தானாக உயர்ந்தது.

அண்ணன் பதறிப்போய் உட்கார்ந்தான். விளக்குகள் எரிந்தன. எழுந்தான். அணைந்தன.

"அதை நிறுத்துங்களேன்," என்றாள் அண்ணி.

"ஓடட்டும் அண்ணி. அவரு பாக்கட்டும்," என்றேன்.

அண்ணன் சுவரோரம் ஒதுங்கி, என் பக்கத்தில் இருந்த காலி இருக்கையைப் பார்த்தான். நான் என் கைப்பையை எடுத்து அதில் வைத்தேன்.