கட்டில் இல்லாத கூடம்

“படுக்க ஆளுக்கொரு கட்டில் கொடுத்தாயே கடவுளே, உனக்குக் கோடி நன்றி” என்று மைக் அண்ணன் உருகினார்.

எங்களிடம் கட்டில் கிடையாது. நாங்கள் நடத்துவது இல்லாதவர்களுக்கான மதியச் சாப்பாட்டுக் கூடம். சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தால்கூட எழுப்பி அனுப்பிவிடுவோம், அடுத்த பந்தி வாசலில் காத்திருக்கும்.

என் எதிரே அறக்கட்டளை அதிகாரி கண்ணை மூடி நின்றிருந்தார். இரண்டாவது வரிசையில் ஒருவர் கண்ணை மூடியபடியே மென்றுகொண்டிருந்தார். அது பரவாயில்லை. அதிகாரி கண்ணைத் திறந்து கட்டிலைத் தேடினால்தான் என் கதை கந்தல்.

அந்த அறக்கட்டளையின் பணம் வந்தால்தான் அடுத்த மாதம் எங்கள் அடுப்பு எரியும். வராவிட்டால் கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

கடவுள் பெயரால் கொடுப்பவர்கள் கடவுள் பெயரால் கேள்வியும் கேட்பார்கள். விண்ணப்பத்தில் பசி எவ்வளவு குறைந்தது என்பதற்கு ஒரு வரி, பக்தி எவ்வளவு கூடியது என்பதற்கு ஒரு முழுப் பக்கம். பக்தியை எதில் அளப்பது, கிலோவிலா, லிட்டரிலா? ‘மிகவும் கூடியிருக்கிறது’ என்று எழுதி வைத்தேன்.

எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது. பெரிய சண்டை ஒன்றுமில்லை. நான் கூப்பிட்டபோது அவர் வரவில்லை, அவ்வளவுதான்.

எழுதியதை நேரில் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சாப்பிட வரும் எங்கள் ஆட்கள் தட்டைக் கண்டால் கை வைப்பவர்கள். பிரார்த்தனைக்கு ஒத்திகை பார்த்தபோது நான் ‘கடவுளே’ என்று ஆரம்பிப்பதற்குள் பாதிச் சாப்பாடு காலி.

அப்போதுதான் அடுத்த தெருவில் இரவுத் தங்குமிடம் நடத்தும் என் நாத்தனார் பெரிய மனது பண்ணி மைக் அண்ணனை இரவல் கொடுத்தாள்.

அவர் அவளுடைய தங்குமிடத்தில் படுப்பவர். ஒருகாலத்தில் வேனில் உட்கார்ந்து, துணிக்கடைத் தள்ளுபடியை ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவித்தவர். இப்போது அதே குரலில் கடவுளைக் கூப்பிடுகிறார். நம்பிக்கை உண்டா அண்ணே என்று கேட்டேன். துணியை மட்டும் உடுத்திப் பார்த்துவிட்டா விற்றேன் என்றார்.

இதே அதிகாரிதான் நாத்தனாரிடமும் வந்து போனவர். அவளுக்குப் பணம் வந்தும் விட்டது. குட்டு உடைந்துவிடாதா என்று பயந்தேன். அந்த மனிதர் கண்ணை மூடினால் மூடியதுதான், எதிரே நின்று பிரார்த்தித்தவர் முகம்கூட அவருக்கு நினைவிருக்காது என்று அவள் சத்தியம் செய்தாள்.

முகத்தைப் பற்றியே பேசினோம். குரலை இருவருமே மறந்துவிட்டோம். அங்கே சொன்னதை மைக் அண்ணன் ஒரு சொல் மாற்றாமல் இங்கேயும் ஒப்பிப்பார் என்று யாருக்குத் தோன்றியது?

பிரார்த்தனை முடிந்தது. அதிகாரி கண்ணைத் திறந்தார். கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கட்டில் என்ன, ஒரு பாய்கூட இல்லை.

முதியவர்களுக்குத் தனியாக ஓய்வறை இருக்கிறது, கட்டில்கள் பழுதுபார்க்கப் போயிருக்கின்றன என்று என் வாயில் பொய்கள் முண்டியடித்தன. அவர் எதையும் கேட்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தார், தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், என்னிடம் நீட்டினார்.

அடுப்பு எரியும். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

“கையெழுத்துப் போட்டுட்டேம்மா, இனிமே யாரும் நடிக்க வேண்டாம்” என்றார். “நாளைக்கு என் பொண்ணுக்கு ஆபரேஷன். அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்றீங்களா?”

அன்று தங்குமிடத்தில் மைக் அண்ணன் குரலைக் கேட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாராம். வலியில் தூக்கமே இல்லாமல் கிடந்த மகள் அன்றிரவு விடியும்வரை தூங்கினாளாம். டாக்டர் அன்றைக்குத்தான் மாத்திரையை மாற்றியிருந்தார், அதுவும் தெரியும் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று முணுமுணுத்தார். இன்று முதல் வார்த்தையிலேயே ஆளைத் தெரிந்துகொண்டாராம்.

ஒரு முழுப் பக்கத்துக்குக் கேள்வி வைத்திருந்தவர்கள் அனுப்பிய மனிதர். அவர் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மைக் அண்ணன் என்னைப் பார்த்தார். விற்பதற்கு ஒன்றும் இல்லாமல் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பிரார்த்தனைதான், அதையே மறுபடி ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். கூரைக்கு நன்றி சொன்னார்.

கட்டில் வருகிற இடத்தில் நின்றுவிட்டார்.

தள்ளுபடிக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“அந்தக் கட்டில விட்டு அந்தப் பிள்ளை எந்திரிச்சு வரட்டும்.”

எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது காவல் பார்ப்பது என் வேலை. அப்போதும் நான் மூடவில்லை. அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன், எங்கள் ஆட்களில் ஒருவருடைய கைகூடத் தட்டில் இல்லை.